இந்தியத் தேனீக்கு ராணி வளர்ப்பு: கிராப்டிங் கப் என்ன அளவு, எப்படித் தயாரிப்பது?

குழித்துறை_செல்வன்

நியூட்டன் பெட்டியில் (இந்தியத் தேனீக்கான சிறிய மரப்பெட்டி) இந்தியத் தேனீ வளர்ப்பவர்களிடம் ஒரு சந்தேகம். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டி பிரிப்பதற்கு ராணி வேண்டும். பிரியப் போகும் கூட்டம் தானாகக் கட்டும் ராணி அறைகளை வெட்டி வைப்பதுதான் இங்கே வழக்கம். அதில் தாய்ப்பெட்டியை நாம் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. எது சீக்கிரம் பிரிகிறதோ அதன் ராணிதான் எல்லாப் பெட்டிக்கும் போகிறது. நன்றாகத் தேன் வைக்கிற, அமைதியான பெட்டியிலிருந்து இளம்புழு எடுத்து, ராணி அறை போன்ற சிறு கப்பில் வைத்து ராணியாக வளர்க்கும் கிராப்டிங் செய்யத்தான் திட்டம்.

கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கப் எல்லாம் இத்தாலியத் தேனீக்கு ஆனது. நம் தேனீ அதை ஏற்குமா? மெழுகில் நாமே செய்வதென்றால் விட்டம் எவ்வளவு, எத்தனை முறை முக்க வேண்டும், செய்த கப்பில் நேராகப் புழு வைக்கலாமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

அடையும்_மெழுகும்

தம்பி, அளவிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் அளவு தப்பினால் பலன் இல்லை.

இத்தாலியத் தேனீக்குக் கப்பின் உள்விட்டம் 9 மி.மீ. சுற்றி வரும். நம் இந்தியத் தேனீ உடம்பிலும் சிறியது, அது கட்டும் அறையும் சிறியது. அதற்கு 7 முதல் 8 மி.மீ. போதும். 7.5-ஐக் குறிவைத்துச் செய்யுங்கள். ஆழம் 7 அல்லது 8 மி.மீ. வாய் அகலமாக இருந்தால் தேனீக்கள் முதலில் மெழுகு வைத்து வாயைச் சுருக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் ஊட்ட வேண்டிய புழு பட்டினி கிடக்கும். அடிப்பகுதி அகலமானால் ஊட்டும் கூழ் (அரசக்கூழ்) பரவி மெலிந்து சீக்கிரம் காயும். அறையைக் கட்டினாலும் கூழ் குறைவாக இருக்கும், ராணியும் சிறுத்துப் பிறக்கும்.

கப் வார்க்க மெழுகில் முக்கும் குச்சி: கொய்யா மாதிரி நெருக்கமான இழை உள்ள, சாயம் இறங்காத மரம். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். நுனியை அரைக்கோளமாக உருட்டி, உப்புத்தாள் போட்டு விரல் வழுக்கும் அளவுக்குத் தேயுங்கள். நுனியில் வளைவு முடியும் இடத்தில் 7.3 மி.மீ., அங்கிருந்து 1 செ.மீ. மேலே 7.8 மி.மீ. இந்தச் சிறு சரிவு இருந்தால்தான் கப் கிழியாமல் கழன்று வரும். வெர்னியர் காலிபரால் அளந்து பாருங்கள், கண்ணளவு போதாது. ஒரே அளவில் பத்துக் குச்சி செய்து ஒரு பலகையில் வரிசையாகப் பதித்துவிட்டால் ஒரு முக்கலில் பத்துக் கப் கிடைக்கும்.

குச்சிகளைப் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரமாவது ஊற வைக்க வேண்டும். காய்ந்த மரத்தில் மெழுகு ஊறி ஒட்டிக்கொள்ளும். எடுத்ததும் ஒரு உதறு உதறி, நுனியைத் துணியில் ஒற்றுங்கள். நுனியில் துளி தொங்கிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் மெழுகு படியாமல் கப்பின் அடியில் ஊசித்துளை விழும். இது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும்.

மெழுகை ஒருபோதும் நேரடித் தீயில் வைக்காதீர்கள். தீப்பிடிக்கும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் எவர்சில்வர் டம்ளர், டம்ளரில் மெழுகு. கால் கிலோ போதும், 3 செ.மீ. ஆழமாவது நிற்க வேண்டும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். முக்குவதற்கு 68 முதல் 72 டிகிரி வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெப்பமானி வாங்கிவிடுவது நல்லது. சூடு கூடினால் இரண்டாம் முக்கலில் முதல் படலம் உருகி வழிந்துவிடும். சூடு குறைந்தால் மெழுகு கட்டி கட்டியாகப் படியும், படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிறகு உரியும்.

முக்கும் முறைதான் இதில் முக்கியம். முதல் முக்கு 8 மி.மீ. ஆழம். உள்ளே விட்டு உடனே எடுத்துவிட வேண்டும், ஒரு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. பளபளப்பு மங்கும் வரை காற்றில் பிடியுங்கள். இரண்டாவது 7 மி.மீ., மூன்றாவது 5, நான்காவது 3. ஒவ்வொரு முறையும் ஆழத்தைக் குறைப்பதால் விளிம்பு ஒற்றைப் படலமாக மெல்லியதாக நிற்கும், அடி தடித்துவிடும். விளிம்பு அரை மி.மீ.க்கும் குறைவாக, அடி 2 மி.மீ. சுமாராக வந்தால் சரி. கடைசி முக்கு முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சில விநாடி வைத்து, இரண்டு விரலால் மெதுவாகத் திருகினால் கப் கையோடு வரும். அடுத்த சுற்றுக்கு முன் குச்சியை மறுபடி நனைக்க மறக்காதீர்கள்.

1889-இல் அமெரிக்காவில் டூலிட்டில் என்ற தேனீ வளர்ப்பாளர் வெளியிட்ட முறையின் அடிப்படையும் இதுதான். இத்தனை காலத்தில் குச்சியும் மெழுகும் பெரிதாக மாறவில்லை.

கோவைத்_தேன்தோட்டம்

அக்கா சொன்ன முறையில் தவறில்லை. ஆனால் பிளாஸ்டிக்கை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. இத்தாலியத் தேனீயில் பிளாஸ்டிக் கப் நன்றாகவே ஓடுகிறது. எல்லாம் ஒரே அளவு, ஒரே ஆழம். ராணி அறையைக் கையில் எடுக்கும்போது நசுங்காது, வெயிலில் இளகாது, கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம்.

தேனீ தொடவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, புது பிளாஸ்டிக்கின் வாடை. வாசனை இல்லாத சோப்புக் கரைசலில், வெதுவெதுப்பான நீரில் கழுவி, நிறைய தண்ணீர் விட்டு அலசி நிழலில் காய வைக்க வேண்டும். இரண்டு, தேனீக்கள் மெருகிடாத, அதாவது உள்ளே சுத்தம் செய்து விளிம்பைத் திருத்தாத கப்பில் நேராகப் புழு வைப்பது. மெழுகுக் கப்பிலாவது மெழுகின் மணம் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் அதுவும் இல்லை.

நம் தேனீக்கு விட்டம் பெரிது என்றால், உருகிய மெழுகை மெல்லிய தூரிகையால் உள்சுவரிலும் விளிம்பிலும் பூசலாம். வாய் சற்றுச் சுருங்கும், வாடையும் மறையும்.

அடையும்_மெழுகும்

தம்பி, மெழுகு பூசிய பிளாஸ்டிக்கை இந்தியத் தேனீ ஏற்பது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 9 மி.மீ.யை 7.5 ஆக்க வேண்டுமானால் சுவரில் முக்கால் மி.மீ. மெழுகு ஏற்ற வேண்டும். தூரிகையால் அதைச் சமமாகப் பூசுவது கடினம், அடியில் குளம் கட்டிக்கொள்ளும். அரைக்கோளமான அடி போய்த் தட்டையாகிவிட்டால், புழுவோடு வைக்கும் கூழ் நடுவில் சேராமல் ஓரத்துக்கு ஓடும். அந்த வேலைக்கு நேராக மெழுகுக் கப்பே செய்துவிடலாம்.

இன்னொன்று: நம் தேனீ பிசின் சேர்க்காது. இத்தாலியத் தேனீ கப்பைச் சட்டத்தோடு பிசினால் ஒட்டிக்கொடுக்கும். இங்கே நாம் எப்படிப் பொருத்தினோமோ அதுதான் பிடிப்பு. தளர்ந்த பிளாஸ்டிக் கப் தேனீக்கொத்தின் கனத்தில் சாயும். மெழுகுக் கப்பை உருகிய மெழுகிலேயே சட்டத்தின் குறுக்குப் பட்டையில் ஒட்டினால் ஆடாது.

குழித்துறை_செல்வன்

மிக்க நன்றி அக்கா. மெழுகு எங்கே வாங்குவது? நாட்டு மருந்துக் கடை மெழுகு போதுமா? இத்தாலியத் தேனீயின் மெழுகு கலந்தால் பரவாயில்லையா? குச்சி சுலபமாகக் கழல சோப்புத் தண்ணீரில் ஊற வைக்கச் சொல்கிறார்கள், அது சரியா?

அடையும்_மெழுகும்

சோப்பு வேண்டவே வேண்டாம். வெறும் தண்ணீர் போதும். வழுக்கல் வேண்டுமானால் தண்ணீரில் கொஞ்சம் தேன் கலந்துகொள்ளுங்கள்.

கடை மெழுகில் பாரபின் கலப்பு அதிகம். கையால் உடைத்துப் பாருங்கள்: நல்ல தேன்மெழுகு உடைந்த முகம் மணல் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். ஒரு துணுக்கை மென்றால் பல்லில் ஒட்டாமல் துகளாக உதிரும். பாரபின் கலந்தது பசை மாதிரி இழுபடும். அப்படிப்பட்ட மெழுகில் செய்த கப்பை வைத்தால் விளிம்பைத் தேனீ தொடாது. கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் தேன் பருவத்தில் தேன் எடுக்கும்போது சீவி எறியும் மூடிமெழுகு இருக்கிறதே, அதைச் சேர்த்து வையுங்கள். அதைவிடச் சுத்தமான மெழுகு கிடைக்காது. மழைத்தண்ணீரில் உருக்கி, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி, மெதுவாக ஆறவிட்டு, அடியில் படிந்த கசடைச் சுரண்டி எடுங்கள். உப்புத்தண்ணீரில் (கடின நீரில்) உருக்கினால் மெழுகு நுரைத்து மாவாகும். இரும்புப் பாத்திரமும் பித்தளையும் நிறத்தைக் கெடுக்கும்.

இத்தாலியத் தேனீ மெழுகைப் பற்றி: நிறைய பேர் அதில் செய்கிறார்கள். என் கவலை வேறு. உண்ணிக்கு மருந்துப் பட்டை தொங்கவிட்ட பெட்டியின் பழைய அடையை உருக்கினால் அந்த மருந்து மெழுகிலேயே தங்கும், உருக்கினாலும் போகாது. அமெரிக்க ஆய்வு ஒன்றில், கிலோவுக்கு 100 மில்லிகிராம் குமாபாஸ் என்ற உண்ணி மருந்து கலந்த மெழுகில் செய்த ராணிக் கப்புகளில் பாதிக்கும் மேல் நிராகரிக்கப்பட்டன. அதனால் யாருடைய மெழுகானாலும் மூடிமெழுகுதான், பழைய புழு அடை வேண்டாம்.

செய்த கப்புகளை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அந்துருண்டை, கற்பூரம், கொசுவத்தி பக்கத்தில் இருக்கக் கூடாது. மெழுகு எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். நாள்பட்டால் மேலே வெள்ளையாகப் பூக்கும், அது கெடுதல் இல்லை.

பேச்சிப்பாறை_மலைத்தேன்

கப் பட்டை பற்றி யாரும் சொல்லவில்லையே. இத்தாலியத் தேனீ பெட்டிக்கான கணக்கை நியூட்டன் பெட்டிக்கு எடுத்துவரக் கூடாது. நியூட்டன் புழு அறைச் சட்டத்தின் உள்ளளவு சுமார் 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம்தான். 12 மி.மீ. அகலப் பட்டை ஒன்றைச் சட்டத்தின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே, திருப்பி எடுக்கும்படி பொருத்துங்கள். கப்பின் மையத்திலிருந்து அடுத்த கப்பின் மையத்துக்கு 2 செ.மீ. விட்டால் எட்டு அல்லது ஒன்பது கப் வரும். இரண்டாவது பட்டை போட இடமிருந்தாலும் போடாதீர்கள். ஏழு சட்டப் பெட்டியில் உள்ள இளந்தேனீக்களுக்கு எட்டு ராணி அறையை ஊட்டுவதே பெரிய வேலை. இருபது வைத்தால் இருபதும் அரைகுறையாகும்.

பட்டையில் உருகிய மெழுகைத் துளித்துளியாக விட்டு, அது இறுகும் முன் கப்பின் அடியை அழுத்துங்கள். வாய் நேர் கீழே பார்க்க வேண்டும். சாய்ந்த கப்பைத் தேனீ ஏற்கும், ஆனால் பக்கத்து அறையோடு சேர்த்துக் கட்டிவிடும், பிறகு வெட்டும்போது ஒன்று போகும். அடி தடிமனாக இருக்க வேண்டும் என்று அக்கா சொன்னதன் பயன் இங்கேதான். முதிர்ந்த ராணி அறையைப் பட்டையிலிருந்து கத்தியால் பிரிக்கும்போது கத்தி அந்தத் தடிப்பில்தான் போகும், கூழில் படாது.

அடுத்தது மெருகிடல். கப் ஒட்டிய சட்டத்தை, புழு வைக்கப் போகும் அதே பெட்டியின் நடுவில் 12 முதல் 24 மணி நேரம் வையுங்கள். வேறு பெட்டியில் மெருகிட்டு இங்கே கொண்டுவருவதில் பாதிப் பலன்தான். எடுத்துப் பார்த்தால் விளிம்பில் புது மெழுகுத் துகள் வெண்மையாகத் தெரியும், விளிம்பு சற்று உள்ளே மடிந்திருக்கும், உட்சுவர் துடைத்து வைத்தது போல இருக்கும். விளிம்பு நீங்கள் செய்தபடியே இருந்தால் புழு வைக்காதீர்கள், இன்னும் அரை நாள் விடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் மறந்துவிட்டால் கப்புக்கு நடுவே அடை கட்டிவிடும், தேன் வரத்து இருந்தால் கப்பிலேயே தேனை நிரப்பும்.

கோவைத்_தேன்தோட்டம்

கப்பில் கூழ் விட்டுப் புழு வைப்பதா, வெறும் கப்பிலா? நான் ஈர முறைதான். புதிய அரசக்கூழையும் காய்ச்சி ஆறிய தண்ணீரையும் சம அளவு கலந்து, கடுகில் பாதி அளவு துளி. புழு வறளாது, புழு எடுத்த சிறு கரண்டியிலிருந்து எளிதாக மிதந்து இறங்கும்.

பேச்சிப்பாறை_மலைத்தேன்

அண்ணே, மெருகிட்ட கப், நெருக்கமான தேனீக்கூட்டம், புழுவோடு அதன் கூழையும் சேர்த்து எடுக்கும் கை, இந்த மூன்றும் இருந்தால் வெறும் கப்பே போதும். நீங்கள் விடும் கூழைத் தேனீக்கள் பெரும்பாலும் அகற்றிவிட்டுப் புதிதாகத்தான் ஊட்டுகின்றன. துளி பெரிதாகிவிட்டால் புழு மூழ்கும். புழு உடலின் பக்கவாட்டுத் துளைகளால்தான் மூச்சுவிடுகிறது. கூழில் எந்தப் பக்கம் மேலே கிடந்ததோ அதே பக்கம் மேலே இருக்கும்படி இறக்க வேண்டும். புரண்டுவிட்டால் அந்தப் புழுவை விட்டுவிட்டு வேறொன்று எடுங்கள்.

அடையும்_மெழுகும்

இதில் இருவர் சொல்வதும் பொருந்தும், காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. ஐப்பசி மழையில் மார்த்தாண்டம் பக்கம் வெறும் கப் போதும். கோவை போல காற்று வறண்ட இடத்தில் துளி விடுவது பாதுகாப்பு. தேனையோ சர்க்கரைப் பாகையோ மட்டும் துளியாக விடாதீர்கள். அது புழுவின் உடல்நீரை இழுத்துவிடும், தேனீக்களும் பாகை நக்கும்போது புழுவைச் சேர்த்து அகற்றிவிடும்.

கூழ் எடுக்கும் பெட்டியில் கவனம். 1991, 92-இல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீயை வாரிக்கொண்டு போன தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் (புழுக்களைக் கொல்லும் நோய்) இன்னும் இருக்கிறது. மூடாத அறையில் புழு தலை தூக்கி இறந்து, பை மாதிரி தூக்க வரும் பெட்டியிலிருந்து கூழும் வேண்டாம், புழுவும் வேண்டாம். தாய்ப்பெட்டி தேர்ந்தெடுக்கும்போது தேன் அளவுக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

குழித்துறை_செல்வன்

புழு எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும்? புழு வைக்கும் பெட்டியை எப்படித் தயார் செய்வது? நம் தேனீ ராணி இல்லாவிட்டால் ஓடிவிடும் என்று பயமாக இருக்கிறது.

பேச்சிப்பாறை_மலைத்தேன்

தம்பி, முட்டை மூன்று நாள். பொரித்து 12 முதல் 24 மணிக்குள் உள்ள புழு. முட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும், லேசாக வளைந்து, கூழில் பளபளக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்படும் அளவில் இருந்தால் அது வயது கடந்தது. ஒன்றிரண்டு தலைமுறை வளர்ந்த இளம்பழுப்பு அடையைத் தேர்ந்தெடுங்கள். புது வெள்ளை அடை கரண்டி பட்டதும் கிழியும், புழுவும் நிறத்தில் மறைந்துவிடும். கூர்மையான கத்தியைச் சுடுநீரில் நனைத்து அறைச் சுவரைப் பாதி உயரத்துக்குச் சீவினால் கரண்டி நன்றாக இறங்கும்.

வெயிலில் வேலை செய்யாதீர்கள். நிழலான அறையில், நனைத்துப் பிழிந்த துணியை முடிந்த கப்புகள் மேல் போட்டபடி, அடையை எடுத்ததிலிருந்து 15, 20 நிமிடத்துக்குள் பட்டை பெட்டிக்குள் போக வேண்டும். எட்டுக் கப்புக்கு அது தாராளம்.

புழு வைக்கும் பெட்டி: பலமான பெட்டியில் ராணியை ஒரு சட்டத்தோடு சிறு பெட்டிக்கு மாற்றுங்கள். மூடாத புழு உள்ள அடைகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். இருந்தால் அவற்றில் தாங்களே ராணி அறை கட்டும், உங்கள் கப்பைப் பார்க்காது. மூடிய புழு அடை, மகரந்த அடை, தேன் அடை இருக்கட்டும். எடுத்த அடைகளின் இளந்தேனீக்களை உள்ளேயே உதறுங்கள், சட்டங்களுக்கு இடையே தேனீ பிதுங்க வேண்டும். மாலையில் ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் பாகு. ராணியை எடுத்த அன்றே கப் சட்டத்தை மெருகிட வைத்து, மறுநாள் புழு வையுங்கள்.

பயம் நியாயமானதுதான். இந்தியத் தேனீயில் ராணி இல்லாமல் நாள் கடந்தால் வேலைக்காரத் தேனீக்கள் சீக்கிரமே முட்டையிடத் தொடங்கிவிடும். அதனால் ஒரு பட்டை முடிந்ததும் ராணியைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது முதிர்ந்த அறை ஒன்றை அங்கேயே விடுங்கள். அதே பெட்டியில் அடுத்தடுத்துப் பட்டை வைக்க ஆசைப்படாதீர்கள்.

அடையும்_மெழுகும்

மறுநாள் எடுத்துப் பார்க்கும்போது கப் என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். ஏற்ற கப்பில் விளிம்பு புது மெழுகால் நீண்டிருக்கும், உள்ளே வெள்ளைக் கூழ் தெரியும்.

எல்லாக் கப்பும் சுத்தமாக மெருகேறிக் காலியாக இருந்தால் கப்பின் மேல் குறை இல்லை. பெட்டிக்குள் கன்னி ராணி இருக்கிறது, அல்லது எங்கோ ஓர் ஓரத்தில் சொந்த ராணி அறை கட்டியிருக்கிறது. அடையை ஒவ்வொன்றாகப் பாருங்கள். புழு காய்ந்து அப்படியே ஒட்டிக் கிடந்தால், வைக்கும்போதே வறண்டுவிட்டது. விளிம்பில் ஒரு துகள் மெழுகுகூட வைக்கவில்லை என்றால் மெழுகின் கலப்பு, வாடை, அல்லது விட்டம். நடுவில் நாலு மட்டும் ஏற்று இரு ஓரமும் காலி என்றால் தேனீ போதவில்லை, கொத்து ஓரம் வரை மூடவில்லை. விளிம்பைக் கடித்துக் குறைத்திருந்தால் விளிம்பு தடிமன், முக்கும் ஆழத்தைச் சரிபாருங்கள்.

பார்க்கும்போது சட்டத்தை உதறாதீர்கள், தட்டாதீர்கள், கவிழ்க்காதீர்கள். தேனீயை மெல்லிய புல்லால் ஒதுக்குங்கள். உதறினால் புழு கூழிலிருந்து விலகிவிடும்.

கோவைத்_தேன்தோட்டம்

பிளாஸ்டிக்கை மறுபடி பயன்படுத்துவோருக்கு: உள்ளே காய்ந்த கூழையும் கூட்டுப்புழுவின் பட்டுத் தோலையும் சுரண்டி, சலவைச் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து அலசுங்கள். கொதிநீரில் போட்டால் வாய் கோணிவிடும். கோணிய கப்பை எறிந்துவிடலாம்.

குழித்துறை_செல்வன்

கடைசியாக ஒன்று. மூடிய அறைகளை எந்த நாளில் சிறு பெட்டிகளுக்குப் பிரிக்க வேண்டும்? நுனியில் மெழுகே இல்லாமல் பழுப்பாகத் தெரிந்தால் கெட்டுப்போனதா?

அடையும்_மெழுகும்

கெட்டுப்போகவில்லை. இந்தியத் தேனீ ராணி அறை முதிரும்போது நுனியில் உள்ள மெழுகைச் சுரண்டிவிடும், பட்டுக்கூடு வெளியே தெரியும். அறை முதிர்ந்ததற்கு அதுவே அடையாளம்.

புழு வைத்த நாளைப் பூச்சியமாக எண்ணினால் ஐந்தாம் நாள் வாக்கில் அறை மூடியிருக்கும், பதினொன்று பன்னிரண்டில் ராணி வெளிவரும். புழு கொஞ்சம் வயது கூடியதாக எடுத்திருந்தால் ஒரு நாள் முந்தும், முதலில் வந்த ராணி மற்ற அறைகளையெல்லாம் கடித்துவிடும். அதனால் ஒன்பதாம் நாள் பிரித்துவிடுங்கள், பத்தைத் தாண்ட வேண்டாம். பட்டையிலிருந்து வெட்டி, நுனி கீழே பார்த்தபடி பஞ்சு வைத்த டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். சாய்க்கவோ வெயிலில் வைக்கவோ கூடாது. சிறு பெட்டியில் இரண்டு அடைக்கு நடுவே, தேனீ மொய்க்கும் இடத்தில், கப்பின் தடித்த அடியை அடையின் மேல் ஓரத்தில் அழுத்தி ஒட்டுங்கள். புழு வைக்கும் நாளிலேயே சுற்றியுள்ள பெட்டிகளில் மூடிய ஆண் தேனீ அடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியில் நடுவே சிறு துளையோடு இருக்கும், எளிதாக அடையாளம் தெரியும். அது இல்லையென்றால் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள், கப்புகள் டப்பாவில் அப்படியே இருக்கும்.